மெருகுத் தொழிலாளியும் அவர் ஆயுதங்களும்

தச்சருக்கு உளி, கொல்லருக்குச் சம்மட்டி, தையற்காரருக்குக் கத்தரிக்கோல் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவி யாது என்பதை யாவரும் அறிவர். மோட்டார் வண்டிக்கு மெருகிடும் தொழிலாளியின் கருவி யாது என்று வினவினால் பலர் விடை கூறத் தயங்குவர். ஒரு வாளி தண்ணீரும் ஒரு பழந்துணியும் போதாவோ என்று கேட்பாரும் உளர். அவ்வாறு எண்ணி வீட்டு முற்றத்திலே தம் வண்டியை நாள்தோறும் தேய்த்த பலர், சில மாதங்களின் பின் மாலை வெயிலில் அதனை நிறுத்திப் பார்த்தபோது, மேற்பரப்பெங்கும் சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய கீறல்களைக் கண்டு வருந்தியிருக்கின்றனர். வாளியும் பழந்துணியும் செய்த கேடு அது. அக்கேட்டை நீக்குவதும், மீண்டும் நேராமற் காப்பதுமே மெருகுத் தொழிலாளியின் பணியாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கை ஒன்றிலே உள்ள வேலைத்தலம் ஒன்றை நேயர்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்வார்களாக. தகரக் கூரையும் சீமெந்துத் தளமும் மூன்று பக்கச் சுவர்களும் கொண்ட கொட்டகை அது. நேர் வெயில் அதிகம் விழாதபடி அதன் முகப்பு வடக்கு நோக்கி அமைந்திருக்கின்றது. அதற்கு உரியவர் அறுபது வயதை அண்மியவர். காலையில் வந்ததும் அவர் முதலிற் செய்வது, தளத்திலே தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவதாகும். பின்னர் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி அலுமாரிக்குள் வைக்கின்றார். கொக்கி உள்ள இடுப்புப்பட்டியை அவர் அணிவதேயில்லை. வண்டியின்மீது சாய்ந்து வேலை செய்யும்போது உடம்பிலுள்ள உலோகம் எதுவும் அதனைத் தொடலாகாது என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி.

சுவரிலே ஒரு பலகை. அதில் ஒவ்வோர் ஆயுதத்தின் உருவமும் பென்சிலால் வரையப்பட்டு, அவ்வுருவத்தின்மேல் அந்த ஆயுதம் தொங்குகின்றது. குடாநாட்டுத் தொழிலாளர் கருவி என்று சொல்வது அரிது. ஆயுதம் என்றே சொல்வர். மாலையிலே பலகையில் ஒரு வெற்றுருவம் தெரிந்தால், அதற்குரிய ஆயுதத்தைத் தேடி எடுக்காமல் கதவு பூட்டப்படுவதில்லை. பலகையின் கீழே மூடியுள்ள மூன்று பெட்டிகள். ஒன்றில் வண்டியின் உடலுக்குரிய துணிகள், மற்றதிலே கண்ணாடிக்குரியவை, மூன்றாவதிலே சில்லுகளுக்குரியவை. உடலுக்குரிய துணி ஒன்று தவறித் தரையில் விழுந்துவிட்டால், எத்துணை உதறினாலும் அது முதற் பெட்டிக்குத் திரும்புவதில்லை. கழுவப்பட்டுச் சில்லுகளின் பெட்டிக்கே போய்விடும். வண்டியைவிட ஆயுதத்தைத்தான் இந்த மனிதர் கூடுதலாகப் பராமரிக்கின்றார் என்று அயலவர் நகைப்பதுமுண்டு.

இப்பற்று வெறும் பழக்கமா, அன்றித் தக்க காரணமுடையதா? இதனை அறிய வேண்டுமாயின், மினுக்கம் என்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒளி ஒரு மேற்பரப்பில் விழுந்து திரும்புவதைத் தெறிப்பு என்பர். சமதளமான மேற்பரப்பிலே விழும் ஒளிக்கதிர்கள் யாவும் ஒழுங்காக ஒரே திசையில் திரும்புகின்றன. ஆதலால் அங்கே முகம் பார்க்கலாம். கரடுமுரடான மேற்பரப்பில் அவை பல திசைகளிற் சிதறுகின்றன. ஆதலால் அது மங்கித் தோன்றுகின்றது. காற்றில்லாத வேளையிற் குளத்து நீர் வானத்தைக் காட்டுவதும், காற்று வீசியதும் அக்காட்சி குலைந்துபோவதும் இதனாலேயே. நிறம் மங்கிய வண்டி பெரும்பாலும் தன் நிறத்தை இழந்த வண்டியன்று. ஆயிரமாயிரம் நுண்கீறல்களாலும் வெயிலினால் உலர்ந்து செத்த ஒரு மேற்படலத்தாலும் ஒளியைச் சிதறவிடும் வண்டியாகும். விளக்கைச் சுற்றித் தோன்றும் அந்தச் சிலந்தி வலையும் ஒரு தோற்றமே. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் விளக்கைச் சுற்றி வளைவாக அமைந்தவை மாத்திரம் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்வதைக் காணலாம்.

அவ்வாறாயின் கீறலை எவ்வாறு நீக்குவது? பள்ளத்தை நிரப்பித்தான் சமமாக்க வேண்டும் என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைக் குறைத்தே மெருகுத் தொழிலாளி தளத்தைச் சமமாக்குகின்றார். எனவே மெருகிடுதல் என்பது ஒன்றைச் சேர்க்கும் தொழிலன்று, ஒன்றைக் கழிக்கும் தொழில். இந்த ஓர் உண்மையிலிருந்தே அவருடைய விதிகள் யாவும் பிறக்கின்றன.

கழிப்பதற்கு இருப்பது எவ்வளவு? இக்காலத்து வண்டி ஒன்றின் உருக்குத் தகட்டின்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு ஒன்றும் உண்டு. இத் தெளிபூச்சு முறை 1980களிலிருந்து பரவலாக வழக்குக்கு வந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியிலே இவை யாவும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 180 மைக்கிரோன் தடிப்பே உள்ளவை. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்கிரோன். தெளிபூச்சு மாத்திரம் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்கிரோன்; அதாவது, பலரது தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவு. ஒருமுறை கனமாகத் தேய்த்தால் அதிலே சில மைக்கிரோன் போய்விடும். போனது திரும்பி வராது. வண்டியின் ஆயுளிலே இத்தனை முறைதான் தேய்க்கலாம் என்று ஓர் எல்லை, வண்டி பிறக்கும்போதே அதனுடன் பிறந்துவிடுகின்றது எனலாம்.

இனி அவருடைய ஆயுதங்களை நோக்குதல் தகும். முதலாவது, கடைகளிலே வாட்டர் பேப்பர் என வழங்கும் மணற்கடதாசி. இதிலே ஒட்டப்பட்டிருக்கும் கரிய துகள் சிலிக்கன் காபைட்டு. 1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கை முறையில் ஆக்கிய பொருள் இது. கடினத்தில் வைரத்துக்குச் சற்றுக் குறைந்தது. அக்காலத்துக் கடதாசியை உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டியிருந்ததால், மோட்டார் வண்டிப் பட்டறைகளிலே நிறப்பூச்சின் தூசி எழுந்து தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்தது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத்தக்க கடதாசியைப் பிரான்சிஸ் ஓக்கி என்பவர் ஆக்க, 1921இல் அது விற்பனைக்கு வந்தது. தண்ணீர் தூசியை அடக்கியது. துகள்களிடையே அழுக்கு அடைவதையும் தடுத்தது. இக்கடதாசியின் பின்புறத்திலே 1000, 2000, 3000 என எண்கள் இருக்கும். எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். 1000 இட்ட கீறலை 2000 நீக்கும். 2000 இட்டதை 3000 நீக்கும். 3000 இட்டதை மெருகுக் குழம்பு நீக்கும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் பிழையைத் திருத்துவதேயன்றி வேறில்லை. நடுவில் ஒரு படியைத் தாண்டியவர் பின்னர் எத்துணை நேரம் உழைத்தாலும் அப்பிழை விளக்கின் கீழே தெரிந்தே தீரும்.

1000ஆம் எண் கடதாசியின் ஒரு துகள் 3000ஆம் எண் கடதாசியிலே ஒட்டிக்கொண்டால் என்ன நிகழும்? ஒரு பகல் முழுவதும் செய்த வேலை ஒரு கணத்திலே கெடும். பெட்டிகளுக்கு மூடி இருப்பதும், விழுந்த துணி திரும்பாததும், தளத்திலே தண்ணீர் தெளிப்பதும் ஏன் என்பது இப்பொழுது விளங்கும். அயலவர் நகைக்கும் அந்தப் பற்று, ஒரு மணல் துகளின்மீது அவர் கொண்ட அச்சமே.

அடுத்தது மெருகு இயந்திரம். மின்னாற் சுழலும் அதன் முகத்திலே கம்பளியோ நுரைப்பஞ்சோ பொருத்தப்படும். சுழற்சியினால் வெப்பம் எழும். ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் நிறம் வெந்துவிடும். ஆகவே கை ஓயாது நகர்தல் வேண்டும். விளிம்புகளிலே ஆபத்து மிகுதி. ஈரமான பூச்சு கூரிய விளிம்பிலிருந்து விலகி வழியும் இயல்புடையதாகையால் அங்கே அது இயல்பாகவே மெல்லியது; இயந்திரத்தின் பாரமும் அங்கேதான் கூடுதலாக அழுத்தும். எனவே வேலை தொடங்குமுன் விளிம்பெங்கும் ஒட்டுநாடா ஒட்டப்படுகின்றது. வண்டி முன்பு மோதுண்டு பட்டி வைக்கப்பட்டிருக்குமோ என்று ஐயம் தோன்றினால், துணியிற் சுற்றிய சிறு காந்தத்தை அவர் அவ்விடத்திலே வைத்துப் பார்க்கின்றார். உருக்குத் தகட்டில் அது பற்றிக்கொள்ளும். தடித்த பட்டியின்மேல் வழுகி விழும். பூச்சின் தடிப்பை அளக்கும் மின்கருவிகள் இன்று உள. அவரிடமும் ஒன்று உண்டு. ஆயினும் காந்தம் பலகையிலிருந்து அகற்றப்படவில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு அங்கே இல்லை. மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்கின்றனர். அந்நீர் எத்துணைச் சுண்ணாம்புச் செறிவுடையது என்பதைக் கேத்தலின் உள்ளே படியும் வெண்படலம் காட்டும். வெயிலிலே வண்டியைக் கழுவினால், நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு வெண்புள்ளிகளாக நிறத்தின்மேல் இறுகிவிடும். கடற்காற்றிலுள்ள உப்போ, நிறம் உடைந்த இடத்தைத் தேடிச் சென்று தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். இவற்றை அறிந்தமையால் அவர் நிழலிலே, மேலிருந்து கீழாக, இரு வாளிகள் கொண்டு கழுவுகின்றார். ஒரு வாளியிலே சவர்க்கார நீர்; மற்றதிலே துணியை அலசும் நீர். அழுக்கை எடுத்த துணி, அலசப்படாமற் சவர்க்கார நீருக்குத் திரும்பலாகாது. இறுதித் துடைப்புக்குக் கூரையிலிருந்து மாரிகாலத்திற் பிடித்துவைத்த மழைநீரைப் பயன்படுத்துகின்றார். அதிலே சுண்ணாம்பு இல்லை. வீட்டிலே வண்டி கழுவுவோர் இவற்றில் வேறெதனைப் பின்பற்றாவிடினும், நிழலையும் இரண்டாவது வாளியையும் கைக்கொள்வார்களாயின் பெரும் பயன் அடைவர்.

இறுதியாகப் பூசப்படுவது மெழுகு. பெயர்பெற்ற மெழுகாகிய கார்னோபா, பிறேசில் நாட்டின் வடகிழக்கிலே வளரும் ஒரு பனை இனத்திலிருந்து கிடைப்பது என்பது நம் நாட்டாருக்கு வியப்பளிக்கக் கூடும். அதன் ஓலையும் நம் பனையோலை போல விசிறி வடிவினதே. வறட்சியிலே நீர் ஆவியாகாதபடி அம்மரம் தன் ஓலைமேல் மெழுகைப் படியவிடுகின்றது. ஓலையை வெட்டி, உலர்த்தி, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியசிலே உருகிவிட, இம்மெழுகு 80 பாகைக்கு மேலும் தாங்கும். நண்பகல் வெயிலிற் கொதிக்கும் வண்டித் தகட்டின்மேலும் அது நிலைப்பது இதனாலேயே. வறண்ட நிலத்துப் பனை ஒன்று தன் ஓலையைக் காக்கச் செய்த ஏற்பாட்டை மனிதன் தன் வண்டியைக் காக்கப் பயன்படுத்திக்கொண்டான்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலே நிறமிடுதல் குதிரை வண்டிக்கு நிறமிடுவது போன்றே நிகழ்ந்தது. தூரிகையால் வார்னிஷ் பூசி, உலரவிட்டு, தேய்த்து, மீண்டும் பூசி முடிக்க வாரக்கணக்கிற் சென்றது. 1923இல் அமெரிக்காவிலே ஓக்லன்ட் வண்டிகளுக்கு டூகோ என்னும் செலுலோசுப் பூச்சு இடப்பட்டபின், அவ்வேலை மிக விரைவானது. அத்தகைய பூச்சுகளுக்குப் பின்னாளைய தெளிபூச்சு இல்லை, நிறமே மேற்பரப்பு. ஆதலாற் பழைய வண்டியைத் தேய்க்கும்போது துணியிலே அதன் நிறம் ஏறும். துணியில் ஏறும் நிறம் வண்டியிலிருந்து கழிந்த நிறம் என்பதைத் தொழிலாளி கண்ணாரக் காண்கின்றார்.

யாழ்ப்பாணத்திலே இவ்வறிவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கிலேய வண்டிகள் அங்கே வாடகைக் கார்களாகவும் குடும்ப வண்டிகளாகவும் நெடுங்காலம் ஓடின. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட, உள்ள வண்டியைப் பேணுவதே வழியாயிற்று. 1990இன் பின் போரினாலும் பொருளாதாரத் தடையினாலும் பெற்றோல் கிடைப்பது அரிதாகியது. அப்பொழுது சிறு போத்தலிலே வைத்த சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயிலே இவ்வண்டிகள் ஓடின. நோயாளரையும் கருப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அவையே. பின்னர் 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வாண்டுகளிலும் பழையதைப் பேணத் தெரிந்தவரின் வாசலிலே வண்டிகள் வரிசையாக நின்றன.

அத்தகைய ஏ 40 வண்டி ஒன்று அந்த வேலைத்தலத்துக்கு வந்தது. அதன் சொந்தக்காரரான முதியவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து தங்கையின் திருமணத்துக்கு வந்த பேரன், மணமகளை அந்த வண்டியிலேயே அழைத்துவர விரும்பினான். "அண்ணை, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். கண்ணாடி மாதிரி வரவேணும்" என்றான். ஆறு மாதமாக அங்கே தொழில் பழகும் இளைஞனுக்குப் பெருமகிழ்ச்சி. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் அவன். வந்தநாள் முதல் துணி கழுவுவதும் வாளி அலசுவதுமன்றி வேறு வேலை கண்டிலன். அன்றைக்காவது இயந்திரம் தன் கையில் வரும் என்று அவன் எதிர்பார்த்தான்.

தொழிலாளி வெள்ளைத் துணி ஒன்றிலே சிறிது மெருகுக் குழம்பை எடுத்து, பொனற்றின் ஓரத்திலே விரலளவு இடத்தைத் தடவினார். துணியிற் கருநீலம் ஏறியது. டோர்ச் விளக்கைச் சரித்துப் பிடித்தார். மேட்டு விளிம்பிலே சாம்பல் நிற அடிப்பூச்சு நூலிழை போல எட்டிப் பார்த்தது. அவர் துணியை இளைஞனிடம் காட்டினார். பின்னர் இயந்திரத்தைப் பலகையிலே அதன் உருவத்தின்மேல் மாட்டிவிட்டார்.

"தம்பி, இதுக்கு மேலை தேய்ச்சால் நிறம் போயிடும். போன நிறத்தைத் திருப்பித் தாற ஆயுதம் என்னட்டை இல்லை" என்றார் பேரனிடம். அவ்வாறாயின் முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாக நிறம் அடித்தால் என்ன என்று அவன் வினவினான். அதுவும் ஒரு வழிதான் என்றும், அடுத்த சந்தியிலே அதனை நன்றாகச் செய்வோர் உளர் என்றும், முடிவு செய்யுமுன் வீட்டிலே தாயாரைக் கேட்டுவருமாறும் அவர் கூறினார். இரட்டிப்புக் கூலி அவ்விடத்தில் அவர் கையை விட்டுப் போயிற்று.

மாலையிலே தாயார் தாமே வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தவர், ஓட்டுநர் பக்கத்துக் கதவின் மேல்விளிம்பிலே நிறம் தேய்ந்து மங்கிய ஓரிடத்தின்மீது கையை வைத்தார். "அப்பா முழங்கை வைச்சு வைச்சுத் தேய்ஞ்ச இடமெல்லோ இது" என்றார். அதன்பின் நிறம் மாற்றும் பேச்சு எழவில்லை.

இரண்டு நாள் வேலை நடந்தது. இயந்திரம் எடுக்கப்படவில்லை. தார்ப்புள்ளிகள் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன, வெண்புள்ளிகள் அகற்றப்பட்டன, நுண்குழம்பு கையாலேயே மெல்லத் தடவப்பட்டது, மெழுகு பூசப்பட்டது. கதவின் மேல்விளிம்பை மாத்திரம் மெழுகிட்டுத் தொடாமல் விட்டனர். வண்டி கண்ணாடி ஆகவில்லை. உற்றுப் பார்த்தால் கீறல்கள் தெரிந்தன. ஆயினும் திருமணத்தன்று அதிலே தென்னோலைத் தோரணத்தின் நிழல் தெளிவாக விழுந்தது.

கையில் ஆயுதம் இருக்கையில் அதனைப் பயன்படுத்தாது நிறுத்துதல் எளிதன்று. கூலி குறையும்; கேட்டவர் மனம் கோணும்; அயற்கடைக்காரர் அதே வேலையைத் தயங்காது செய்துகொடுப்பார். அவ்வாறு நிறுத்தும் துணிவு எங்கிருந்து வருகின்றது? ஆயுதத்தை நாள்தோறும் துடைத்துவைக்கும்போது அது எவ்வளவை எடுக்கும் என்பதைக் கை அறிகின்றது. ஆயுதத்தை அறிந்தவருக்கு அதன் எல்லையும் தெரியும். அதனைக் கண்டபடி எறிந்துவைப்பவருக்கோ, அது வெறும் விசையுள்ள பொருள். விசை உள்ளவரை அழுத்துவார். கருவிப்பற்று என்பது வேலையின்மீது கொண்ட பொறுப்பின் மறுபெயர் என்று கூறினால் அது மிகையாகாது.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசையன்று வேலைத்தலம் கழுவப்பட்டு, பலகையிலுள்ள ஆயுதங்கள் யாவும் இறக்கப்பட்டு, வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைக்கப்பட்டன. சந்தனமும் குங்குமமும் இடப்பட்டன. காந்தத்துக்கும் ஒரு பொட்டு. கடலையும் அவலும் அயலவருக்கு வழங்கப்பட்டன. மறுநாட் காலை ஆயுதங்களைத் திரும்ப மாட்டும்போது, பலகையின் கீழ்மூலையிலே பென்சிலால் வரைந்த புதிய உருவம் ஒன்று இருப்பதை இளைஞன் கண்டான். இயந்திரத்தின் உருவமன்று அது. கையால் மெருகிடும் சிறிய நுரைப்பஞ்சு ஒன்றின் உருவம். அதன் கீழே அவன் பெயர் எழுதப்பட்டிருந்தது. அன்று மாலை, கதவு பூட்டுமுன், அவ்வுருவம் வெறுமையாக இருக்கின்றதா என்பதை அவன் இருமுறை திரும்பிப் பார்த்தான்.